ஸ்பெயின் தேசத்துப் பிஸ்தோல்

1934, செப்டம்பர் 11, செவ்வாய்

கரும்பில் காய்ந்த இலையான சோகையை உரிக்க நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் முழங்கை வரை கீறல். அவர் விளக்கெண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டார். வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் போயிருக்கணும்" என்றார்.

போயிருக்க வேண்டும்தான். ஆனால் மே மாதத்திலிருந்து அவர் கிணற்றடியைத் தாண்டியதில்லை. ஓட்டுப்போடப் போன இடத்தில், பள்ளிக்கூட வாசலில், ஆதிமூலத்தின் தடியாட்கள் அடித்துப் போட்டார்கள். ஊரில் பாதி நிலம் ஆதிமூலத்துடையது. அந்த ஆள் கட்சிக்கு என் ஓட்டு இல்லை என்று இவர் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சுப்பராயலு தடிகளுக்குள் புகுந்து இவரைத் தோளில் தூக்கிவந்தான். இல்லாவிட்டால் இன்று இந்த வீட்டில் நான் ஒருத்தி.

தோள் எலும்பு கூடிவிட்டது. இடது காது போய்விட்டது. இன்னும் ஏதோ ஒன்று கூடாமல் கிடக்கிறது. அதற்கு எந்த வைத்தியரிடம் போவது?

செப்டம்பர் 14

நடுராத்திரியில் நாய் குரைத்தது. எழுந்து உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 3, புதன்

போன தேர்தல் செல்லாதாம். பெட்டியை உடைத்தது, செத்தவர்கள் பேரில் ஓட்டுப் போட்டது எல்லாம் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் வரை போய், ரத்து செய்துவிட்டார்களாம். அறுவடைக்குப் பிறகு மறுபடி நடக்குமாம். சுப்பராயலு வாசலில் நின்றபடி சந்தோஷமாகச் சொன்னான். "இந்தத் தபா வுடறதில்லண்ணே. நம்ம ஆளுங்க எல்லாத்தியும் நானே கூட்டிகினு போறேன்."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்துபோய்க் கொல்லையில் வாந்தி எடுத்தார்.

பெண்களுக்கு ஓட்டு இல்லை. இருந்தால் யாருக்குப் போடுவேன் என்று பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன். தேர்தலே வேண்டாம் என்று ஒருவன் நின்றால் அவனுக்குப் போடுவேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

புதுச்சேரியிலிருந்து தொப்பி போட்ட ஒரு ஆள் வந்தான். துப்பாக்கிக் கடை அனுப்பியதாம். தேர்தல் வருகிறதென்றால் இவர்கள் ஊர் ஊராகப் புறப்பட்டுவிடுவார்களாம். கூடத்தில் ஒரு துண்டை விரித்து மூன்று கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்தான், மீன்காரி கூறு வைக்கிறமாதிரி.

"இது பிரான்சு சரக்கு. இது பெல்ஜியம். ரெண்டும் துரைமாருங்க வாங்கறது. இதப் பாருங்க, ஸ்பெயின் பிஸ்தோல். பெல்ஜியத்துக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்? பேருதான். பேருக்கு ஏன் காசு குடுக்கணும்? வெல மூணுல ஒரு பங்கு. பெரிய சண்டையப்ப பிரான்சு தொரத்தனமே மூட்ட மூட்டையா வாங்கிச்சி."

நான் கதவோரம் நின்று பார்த்தேன். பெல்ஜியத்துடையதில் எழுத்துகள் ஊசியால் கீறியதுபோலச் சுத்தமாக இருந்தன. ஸ்பெயினுடையதில் பேர் பாதியில் அழுந்தாமல் நின்றிருந்தது. கைப்பிடிப் பலகைக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழைகிற சந்து. எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் தையல் தெரியும். அவசரத்தில் தைத்த ரவிக்கையைக் கட்டுக்குள் இருக்கும்போதே சொல்லிவிடுவேன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர் அதைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. மே மாதத்திலிருந்து நான் அந்த முதுகை அப்படிப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

கிடாரிக் கன்றை விற்றுவிட்டோம்.

அக்டோபர் 21, ஞாயிறு

தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறார். நன்றாகத் தூங்கினார். நான் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன். சரி, வீட்டில் ஒருவராவது தூங்கட்டும்.

அக்டோபர் 30

வாய்க்கால் வரை போய்வந்தார். தனியாக.

நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாத்துட்டு வரேன்" என்று, தினமும் போகிறவர்போலச் சொல்லிவிட்டுப் படலைத் திறந்து நடந்தார். இடுப்பில் துண்டுக்குள் அது புடைத்துக்கொண்டு தெரிந்தது. அவர் திரும்பி வரும்வரை அதே புடவையைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

"வருது" என்றார். தண்ணீரைத்தான்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

தாமஸ் அண்ணன் வந்திருக்கிறான். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில். அம்மா அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேரே இங்கே வந்தான். இவரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவனுக்கு. இவர் பிஸ்தோலை எடுத்துக் காட்டினார், புதுப் பிள்ளையைக் காட்டுவதுபோல. அண்ணன் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எண்ண போட்டுத் தரேன் மச்சான். உப்புக் காத்துக்கு இரும்பு துரு ஏறும்" என்றான்.

ஒன்றும் தெரியாத அந்த முகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நவம்பர் 5, திங்கள்

ஆற்றுப் பக்கம் பனந்தோப்புக்கு அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். விறகு பொறுக்கப் போவதாக இவரிடம் சொன்னோம்; எண்ணெய் போட வாங்கிய பிஸ்தோல் அவன் மடியில் இருந்தது. ஒரு பட்டுப்போன மரத்தைக் குறிபார்த்து அழுத்தினான். டிக் என்றது. மறுபடி டிக். மூன்றாவதில் வெடித்தது. காக்கைகள் எழுந்து பறந்தன. நாலாவது எங்கே என்று பார்த்தால், வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே வராமல் வாயில் கடித்துக்கொண்டு நின்றது. சூரிக்கத்தியால் நெம்பித்தான் எடுத்தான்.

"ஸ்பெயின் சரக்குன்னா எல்லாமே மோசமில்ல, சுந்தரி. எங்க பட்டாளத்துல ஒருத்தன் வச்சிருந்தான், வருசக் கணக்கா நல்லா வேல செஞ்சிது. ஒரே மாதிரி செய்ய நூறு பட்டறைங்க அங்க. சில பட்டறையில இரும்ப நல்லா காய்ச்சறான், சில பட்டறையில அவசரத்துல அடிச்சி அனுப்பறான். இது அவசரத்துல அடிச்சது. உள்ள தோட்டாவ குத்தற ஊசி மொக்க. வில்லு தளந்து போச்சி."

"சரி பண்ண முடியாதா?"

"ஊசி மாத்தணும், வில்லு மாத்தணும். அதுக்கு பெல்ஜியமே வாங்கிடலாம்." பிஸ்தோலைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "மச்சான்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றான்.

சொல்லாதே என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஒரு ஆபத்துல இத நம்பி நின்னார்னா? யாரு பதில் சொல்றது?"

எனக்கா தெரியாது? ஆனா அவர் நேத்து வரப்புல ஒக்காந்து கரும்பு கடிச்சாரு. ஆறு மாசமா செத்தவன்மாரி கெடந்த மனுசன். இப்ப போய் இது வெடிக்காதுன்னு சொன்னா மறுபடியும் கெணத்தடிதான். அப்புறம் எத வாங்கிக் குடுப்பேன்? விக்கிறதுக்கு இன்னொரு கன்னு இல்ல.

இதையெல்லாம் சொன்னதும் அண்ணன் கடைசியில் ஒப்புக்கொண்டான். எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தான். "நல்ல சாமான் மச்சான்" என்று சொன்னபோது என் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 12

அண்ணன் கப்பலேறிவிட்டான். இனி இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

டிசம்பர் 25

காலைப் பூசைக்கு அவரும் வந்தார். சட்டைக்குள் அதோடுதான். குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்றபோது எங்கே கீழே விழுந்து தொலைக்குமோ என்று எனக்கு ஜெபமே வரவில்லை. ஆண்டவரே, அது ஆயுதமில்லை, உமக்குத் தெரியுமே என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

பூசை முடிந்து ஆட்கள் அவர் கையைப் பிடித்து விசாரித்தார்கள். வலது பக்கம் நின்று பேசச் சொல்லி எல்லோரிடமும் காதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

1935, ஜனவரி 17

கரும்பு வெட்டு. ஆட்களை அவரே வேலை வாங்கினார். மேற்கு வரப்பு வரை போகிறார், அங்கே நின்றுவிடுகிறார். அதற்கு இந்தப்பக்கம் பிரெஞ்சுக்காரன் பூமி, அந்தப்பக்கம் இங்கிலீஷ்காரன் பூமி. பிஸ்தோலோடு கால் வைத்தால் ஜெயில். அந்தப்பக்கத்துத் துண்டு நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

"அத வச்சிட்டுத்தான் வாங்களேன்" என்று இன்று சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தேன். கை மட்டும் இடுப்புக்குப் போயிற்று.

பிப்ரவரி 9, சனி

நாளை தேர்தல்.

கரும்பு ஆலையிலிருந்து சாயங்காலம் திரும்பினேன். அவர் குளித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இடுப்பு வெறுமையாக இருந்தது.

"சுப்பராயலு வந்து கேட்டான், குடுத்துட்டேன்" என்றார். "நாளைக்குக் கெழக்குத் தெரு ஆளுங்கள அவன்தான் கூட்டிகினு போறான். தடிங்களுக்கு நடுவுல பூந்து என்ன தூக்கியாந்தவன். நான் வேற இன்னா குடுக்க முடியும் அவனுக்கு?" முகமெல்லாம் நிறைவு. தான் போக முடியவில்லை என்றாலும் தன் பங்கு போகிறது என்கிற நிறைவு.

நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். களைந்துகொண்டே இருந்தேன்.

சுப்பராயலு அதை நம்பி நிற்பான். எடுத்துக் காட்டுவான். காட்டினால் அவர்கள் விடுவார்களா? அவன் அழுத்துவான். டிக் என்னும். அவன் பெண்டாட்டி சின்னபொண்ணு முழுகாமல் இருக்கிறாள், ஏழாம் மாதம்.

சொன்னா இவரு ஒடஞ்சி போயிடுவாரு. சொல்லலன்னா அவன் செத்துப் போயிடுவான். இதுல யோசிக்க இன்னா இருக்குது? அப்புறம் ஏண்டி இன்னும் எழுதிகினு ஒக்காந்திருக்கிற?

பிப்ரவரி 10, ஞாயிறு

விடிந்ததும் முதலில் சுப்பராயலு வீட்டுக்கு ஓடினேன். அவன் அதற்குள் கிழக்குத் தெருவுக்குப் போய்விட்டான். சின்னபொண்ணு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்து இவரிடம் சொன்னேன். பனந்தோப்பு, இரண்டு டிக், வெற்றுக்கூடு, அண்ணன் சொன்னது, நான் சொல்லாதே என்றது, எல்லாம்.

நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாமஸு வந்தப்பலேர்ந்து தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"அப்ப நான் வாய்க்காலுக்குப் போனது, வெட்டுக்குப் போனது, கோயிலுக்கு வந்தது... எல்லாம் ஒரு பொம்மைய வச்சிகினு."

"நீங்கதான் போனீங்க. அதுவா போச்சி?"

"பேசாத" என்றார். "கொழந்தைக்கு கிலுகிலுப்ப குடுக்கறமாரி குடுத்திருக்கிற."

எழுந்தார். நான் கிணற்றடிக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். முகம் கழுவினார். சட்டையை மாட்டினார். பொத்தான் போடாமல் அப்படியே விட்டுவிட்டார். படலைத் திறந்து, பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். திரும்பிப் போகச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் புளியமரத்தடியில் தடியாட்கள் இருந்தார்கள். போன தடவை இவரை அடித்தவனும் இருந்தான். பல்குச்சியை மென்றுகொண்டே, "இன்னா சூசநாதா, வெளிய வந்துட்டியா?" என்றான். இவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு வியர்வை. ஒரு கணம் நின்றேவிட்டார். பிறகு அவர்கள் நடுவிலேயே நடந்தார். அவர்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. வெறுங்கையோடு ஒருவர் வருவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

கிழக்கேயிருந்து சுப்பராயலு ஒரு கூட்டத்தோடு வந்தான். கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது. இவர் நேரே போய் அவன் காதில் சொன்னார். அவன் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தபடி நானும் கிட்டே போனேன்.

"சும்மா காட்டினா போதும்ணே. பயந்துடுவானுவ."

"காட்டினா அப்புறம் சுட்டாவணும். இது சுடாது. குடு என்கிட்ட."

வாங்கித் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "வூட்டுக்கு எட்துகினு போ." இத்தனை மாதத்தில் முதல்முறையாக அது என் கையில். இவ்வளவு கனமா? முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அதே புளியமரத்தைத் தாண்டி வந்தேன். ஒன்று எழுத வேண்டும், பொய் சொல்லக் கூடாது. அது வெடிக்காது என்று தெரிந்த எனக்கே, அதைப் பிடித்திருந்தவரை பயமில்லாமல் இருந்தது. அவரை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் கனம் என்னவென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் சின்னபொண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உச்சிவேளைக்கு இருவரும் வந்தார்கள். இவருக்கு உதடு கிழிந்திருந்தது, சட்டை இரண்டாகியிருந்தது. சுப்பராயலு நொண்டினான். தடி வீசியிருக்கிறார்கள், தள்ளியிருக்கிறார்கள். இவர்கள் திருப்பி அடிக்கவும் இல்லை, கலைந்து போகவும் இல்லை; வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். உள்ளே இருந்த சிப்பாய்கள் கடைசியில் வெளியே வந்து பாதி ஆட்களை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

"நீங்க போட்டீங்களா?"

"என் பேர்ல யாரோ காலையிலயே போட்டுட்டுப் போயிட்டானாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். உதட்டிலிருந்து ரத்தம் வந்தது, அப்படியும் நிற்கவில்லை சிரிப்பு. சுப்பராயலும் சிரித்தான். சின்னபொண்ணு அழுதாள்.

என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 11

ஆதிமூலத்தின் கட்சியே ஜெயித்தது. வடக்கே ஒரு ஊரில் ஒருவன் துப்பாக்கி எடுத்துச் சுட்டுவிட்டானாம். நல்ல துப்பாக்கி போலிருக்கிறது. கூலிக்குத் தடி பிடித்து வந்தவன் ஒருவன் செத்துப்போனான். மூன்று பிள்ளைகளாம். சுட்டவனைக் காவலில் கொண்டுபோயிருக்கிறார்கள். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

பிப்ரவரி 13

பேசவில்லை.

பிப்ரவரி 14

இன்றும்.

பிப்ரவரி 16, சனி

கூழ் குடிக்கும்போது, "உப்பு இல்ல" என்றார். உப்பு இருந்தது. கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் போட்டேன். குடித்துவிட்டு, "இப்ப கரிக்குது" என்றார். போதும், அது போதும் எனக்கு.

பிப்ரவரி 19, செவ்வாய்

ரயிலேறிப் புதுச்சேரிக்குப் போனார், பிஸ்தோலைக் கடையில் திருப்பிக் கொடுக்க. முதலில் கடைக்காரர் வாங்க மாட்டேன் என்றாராம். இவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். இப்போது உட்கார்வது நன்றாக வருகிறது இவருக்கு. கடைசியில் கடைக்காரர் இறங்கிவந்து, மேற்கொண்டு கொஞ்சம் போட்டால் பெல்ஜியத்தையே தருகிறேன், தவணையில் கொடுங்கள் என்று எடுத்து வைத்திருக்கிறார். கடைக் கொல்லையில் சுட்டும் காட்டினாராம்.

"எப்படி இருந்திச்சி?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்ல சாமான். தடங்கலே இல்ல, அடுத்தடுத்து வெடிச்சிது." தோளைத் தடவிக்கொண்டார். "அவன் மூஞ்சி நெனப்பு வந்துச்சி, பல்குச்சி மெல்றானே அவன் மூஞ்சி. இது கையில இருந்தா அவன நான் என்னைக்காவது சுட்டுடுவேன் சுந்தரி. அதான் வாணாம்னுட்டேன்."

பாதி விலைக்கு அந்த ஸ்பெயின் பிஸ்தோலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

புளியமரத்தைத் தாண்டும்போது இன்னும் வியர்க்கிறதாம். அவரே சொன்னார்.

மார்ச் 13, புதன்

இங்கிலீஷ்காரன் பூமியில், நெல்லிக்குப்பம் பக்கம், நடுவதற்குப் புது ரகக் கரும்புக் கரணை கிடைக்கிறதென்று நேற்றுக் காலை வண்டி கட்டிக்கொண்டு போனார். இன்று பொழுது சாய வந்துவிடுவதாகப் பேச்சு. விளக்கு வைத்தும் வரவில்லை. படலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மாடு மிரண்டதோ, இங்கிலீஷ் சுங்கத்தில் பிடித்து வைத்தார்களோ, வழியில் யாராவது... என்னென்னவோ நினைப்பு.

இப்போதுதான் அந்தப்பக்கம் போய்வந்த ஒரு வண்டிக்காரர் சேதி சொல்லிவிட்டுப் போனார். அங்கே இன்றைக்குக் கூத்தாம். இவர் முன்வரிசையில், வலது காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். "பாத்துட்டு காலையிலதான் பொறப்புடுவேன்னு சொல்லச் சொன்னாரு."

தபசு காலத்தில், நோன்பு நாட்களில் கூத்து. வரட்டும், கேட்கிறேன்.

அவர் பங்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.